கிலோவுக்கு இவ்வளவு

எங்கள் கோழிப் பண்ணையில் தீவன மூட்டை போடும் தராசு ஒன்று உண்டு. தரையோடு தரையாக ஒரு இரும்புத் தட்டு, சுவரில் சிவப்பு எண்கள். இரண்டரை வருடங்களுக்கு முன் ஒரு பங்குனியில், மெட்டி விரலைக் கடிக்கிறது, ரவிக்கை கையில் ஏற மாட்டேன் என்கிறது என்று எனக்கே சந்தேகம் வந்து, யாரும் இல்லாத நேரம் பார்த்து அதில் ஏறி நின்றேன். ஐம்பத்தேழு என்றது. தை மாதத்தில் ஐம்பது. இத்தனைக்கும் ஒரு மாதமாகச் சோறு உள்ளே இறங்கவே இல்லை. தின்னாமல் ஏழு கிலோ ஏறும் கோழியை நான் என் பிறவியில் பார்த்ததில்லை.

நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஆறாயிரம் முட்டைக்கோழி. என் வீட்டுக்காரர் குழந்தைவேல் தீவனம், தண்ணீர், ஆட்கள் எல்லாம் பார்ப்பார். எடையும் மருந்தும் என் பொறுப்பு. வாரம் ஒருநாள் விடிந்ததும், தீவனம் போடுவதற்கு முன், கொட்டகையின் நாலு மூலையிலும் கைக்கு வந்த கோழிகளைப் பிடித்துக் காலைக் கட்டித் தொங்கு தராசில் மாட்டுவேன். சராசரி போட்டுச் சாக்பீஸால் சுவரில் எழுதுவேன். மருந்து கலக்கும் நாளில் அந்த எண்ணைப் பார்த்துத்தான் கலக்குவது. கிலோவுக்கு இவ்வளவு என்று புட்டியின் மேல் போட்டிருக்கும். கிலோவைச் சரியாகப் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் பெருக்கல்தான். பன்னிரண்டாவது படித்தவள், பெருக்கலில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

சேலத்து டாக்டர் என் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அமுக்கினார். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு யாருடைய காலோ போலிருந்தது. ரத்தம் எடுத்தார்கள். கிரியாட்டினின் என்று ஒன்று. உடம்பின் தசைகள் வேலை செய்யும்போது சேரும் அழுக்கு அது. சிறுநீரகம் நன்றாக இருந்தால் அதை வெளியே தள்ளிவிடும், ரத்தத்தில் ஒன்றை ஒட்டியே நிற்கும். எனக்கு எட்டைத் தாண்டியிருந்தது. பல வருடங்களாக ரத்த அழுத்தம் ஏறியிருந்திருக்கிறது, தலைவலி என்று தைலம் தேய்த்துக்கொண்டு நான் கோழி எடையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்த பத்து மாதம் டயாலிசிஸ். அஸ்தம்பட்டியில் ஒரு மாடிக் கட்டடம், வாரத்துக்கு மூன்று நாள், நாலு நாலு மணி நேரம். அங்கேயும் வாசலிலேயே தராசுதான். உலர் எடை என்று ஒன்று குறித்து வைத்திருப்பார்கள். உடம்பில் அதிகத் தண்ணீர் எதுவும் இல்லாதபோது நாம் இருக்கும் எடை. எனக்கு அது நாற்பத்தெட்டு. ஐம்பதரையோடு போனால் இரண்டரை லிட்டர் தண்ணீரை மெஷின் உறிஞ்சி எடுக்கும். கூட்டினாலும் கழித்தாலும் கணக்கு ஒருநாளும் பிசகவில்லை. இந்த மருத்துவம் எனக்குத் தெரிந்த பாஷையில்தான் பேசுகிறது என்று அங்கே படுத்துக்கொண்டு நினைத்தேன். அந்த நினைப்பு பின்னால் என்ன வேலை செய்தது என்று சொல்லத்தான் போகிறேன்.

அந்த மத்தியானங்கள் எனக்கு இன்னும் கனவில் வருகின்றன. ரத்தம் குழாயில் வெளியே போய் வரும், கை சில்லிட்டிருக்கும், கண் பாதி மூடியிருக்கும். ஜன்னலுக்கு வெளியே ஏற்காட்டுச் சாலையில் வண்டிகள் போகும் சத்தம் மெல்ல மெல்லத் தண்ணீர்ச் சத்தமாக மாறும். ஜேடர்பாளையம் அணையில் மதகு வழியாகக் காவிரி இறங்கும் சத்தம் அது. கல்யாணமான புதிதில் நானும் அவரும் அங்கே போய் மீன் வறுவல் சாப்பிட்டோம். எனக்கு அப்போது ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் தண்ணீர் என்று கட்டளை. நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்தக் காவிரி முழுவதையும் நான் கண்ணை மூடிக் குடித்திருக்கிறேன்.

சிறுநீரகம் மாற்றலாம் என்று டாக்டர் சொன்னபோது என் அம்மாவுக்குச் சர்க்கரை, அண்ணனுக்கு ரத்தம் பொருந்தவில்லை. "ஏனுங்க, கட்டுனவன் குடுக்கலாமா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். சோதித்துப் பார்த்தார்கள், பொருந்தியது. அனுமதி கொடுக்கும் குழுவில் ஒரு அம்மா அவரைத் தனியாக உட்கார வைத்து, யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்டிருக்கிறார். "கட்டாயந்தாங்க. இவ இல்லீன்னா எங்க பண்ணையில மருந்து கலக்க ஆளில்லீங்க" என்றாராம். அந்த அம்மா சிரித்துவிட்டாராம். இவர் அப்படித்தான், பெரிய விஷயத்தை எல்லாம் சின்னதாக்கிச் சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார்.

செலவுக்கு அரசாங்கக் காப்பீட்டு அட்டை பாதியைத் தாங்கியது. மீதிக்குத் தோட்டத்தில் கிணற்றுப் பக்கத்து நிலம் போயிற்று. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை, நானும் இதோடு விட்டுவிடுகிறேன்.

அறுவைச் சிகிச்சை முடிந்து கண்ணாடி அறைக்குள் பன்னிரண்டு நாள் இருந்தேன். வருபவர்கள் எல்லோரும் முகமூடியும் தொப்பியும். கண்கள் மட்டும் மிதந்து வந்து மிதந்து போகும். இரண்டாம் நாள் சிறுநீர்ப் பை நிறைந்ததைப் பார்த்து நர்ஸ் ஜெயந்தி கை தட்டினாள். ஆத்தூர்ப் பெண், வாய் ஓயாது. "அக்கா, மாமாவோட கிட்னி வந்ததும் வராததுமா வேலைய ஆரம்பிச்சிடுச்சு பாருங்க. சோம்பேறி இல்ல!" என்றாள். அவர் இரண்டு அறை தள்ளி, வயிற்றில் தையலோடு படுத்திருந்தார். அவருடைய ஒரு துண்டு என் வலது அடிவயிற்றில், தோலுக்குப் பக்கத்தில், கையை வைத்தால் தெரியும் இடத்தில் இருந்தது. நான் கையை எடுக்கவே இல்லை.

டாக்ரோலிமஸ் என்ற பெயரை அங்கேதான் முதலில் கேட்டேன். புதுச் சிறுநீரகத்தை உடம்பு நம் ஆள் என்று ஒத்துக்கொள்வதில்லை. காவல்காரன் போல எதிர்ப்புச் சக்தி பாய்ந்து கடிக்கப் பார்க்கும். அந்தக் காவல்காரனைத் தூங்கவும் விடாமல் முழுக்க விழிக்கவும் விடாமல் அரைத்தூக்கத்தில் வைப்பதுதான் இந்த மாத்திரையின் வேலை. காலை எட்டு, இரவு எட்டு, ஆயுள் முழுக்க. குறைந்தால் உடம்பு சிறுநீரகத்தைத் தள்ளிவிடும். என் கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையில் எடை நாற்பத்தெட்டு, மருந்து காலை இரண்டரை மில்லிகிராம், இரவு இரண்டரை என்று எழுதியிருந்தது.

"இது எந்தக் கணக்குங்க சிஸ்டர்?"

"நாளைக்கு மொத்தமா கிலோவுக்கு பாயிண்ட் ஒண்ணுக்கா. அதை ரெண்டா பிரிச்சுக் குடுப்போம்."

நாற்பத்தெட்டை மனதுக்குள் பெருக்கினேன். நாலு புள்ளி எட்டு, சுற்றி ஐந்து. சரியாக இருந்தது. எனக்கு அப்படி ஒரு நிம்மதி. ஊர் பேர் தெரியாத தேசத்தில் நம்மூர் ஆளைப் பார்த்த மாதிரி இருந்தது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். கனவில் என்னை யாரோ கால் கட்டித் தொங்கு தராசில் மாட்டினார்கள், நான் கோபப்படவே இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு வாரம் ஒரு ரத்தப் பரிசோதனை, பிறகு மாதம் ஒன்று. ஒவ்வொரு முறையும் மாத்திரை போடாமல் வெறும் உடம்போடு போய் ரத்தம் கொடுக்க வேண்டும். ரத்தத்தில் மருந்து எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று பார்த்து டாக்டர் அளவைக் குறைத்துக்கொண்டே வந்தார். நாலாவது மாதம் காலை இரண்டு, இரவு இரண்டு என்று நிறுத்தினார். மிஞ்சிய மாத்திரைகளை நான் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தேன். விலை அப்படி, தூக்கிப்போட மனசு வருமா?

இதற்கிடையே எனக்குப் பசி வந்தது. கூடவே கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரை செய்த வேலை. பத்து மாதம் பட்டினி கிடந்த வாய் ஒரேயடியாகத் திறந்துகொண்டது. என் ஓரகத்தி வசந்தா, அவருடைய தம்பி மனைவி, எனக்கு உப்பு குறைத்துச் சமைக்க வேண்டும் என்பதற்காக வீடு மொத்தத்துக்கும் உப்பைக் குறைத்துவிட்டாள். "அக்காளுக்கு மட்டும் தனிச் சட்டி வெச்சா அவிய மொகம் வாடிப்போயிருமுங்க" என்று தன் புருஷனிடம் சொல்லியிருக்கிறாள். நாலு பேர் மாதக்கணக்கில் எனக்காகச் சப்பென்று தின்றார்கள். ஒருவர் கூட முகம் சுளித்து நான் பார்க்கவில்லை. அவள் ஊட்டி ஊட்டி எட்டாவது மாதம் நான் தீவனத் தராசில் ஏறியபோது அறுபத்துமூன்று.

இறங்காமல் அப்படியே நின்றேன்.

அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் நோயில் விழுவதற்கு முந்தைய வருடம், பன்னிரண்டு வாரக் குஞ்சுகளுக்குச் சளி கண்டது. அந்த வாரம் தொங்கு தராசின் கொக்கி உடைந்திருந்ததால் நான் எடை போடவில்லை. முந்திய வார எண்ணை வைத்தே மருந்து கலக்கினேன். வளரும் பருவத்தில் ஒரு வாரம் என்பது பெரிய இடைவெளி. கோழி வளர்ந்துவிட்டது, மருந்து வளரவில்லை. நாலே நாளில் இருநூறுக்கு மேல் செத்தன. அவர் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவினார், என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறந்திருப்பேன்.

நாற்பத்தெட்டு கிலோவுக்கு ஐந்து மில்லிகிராம். அறுபத்துமூன்று கிலோவுக்கு ஆறு புள்ளி மூன்று. நான் போடுவதோ நாலு! எடை ஏற ஏற மருந்து இறங்கியிருக்கிறது. டாக்டர் கெட்டிக்காரர்தான், ஆனால் அவர் அறை வாசலில் தினம் எழுபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவருக்கு ஆயிரம் கோழி, எனக்கு ஒரு கோழி. யார் சரியாக எடை பார்ப்பார்கள்? என் வயிற்றில் இருந்தது என்னுடையதாக இருந்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேனோ என்னவோ. அது அவருடையது. மருந்து பத்தாமல் அவருடையதை நான் சாகவிடுவதா?

பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். அன்று இரவிலிருந்து வேளைக்கு ஒன்று கூட்டி, மூன்று மூன்றாகப் போட ஆரம்பித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பண்ணையில் மருந்தளவை நான் யாரிடமும் கேட்டுக் கலக்கியதில்லையே.

ஒரு வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வாரம் உள்ளங்கால் எரிந்தது. டீ டம்ளர் தட்டில் கடகடவென்று ஆடியது. முட்டையை அட்டையில் அடுக்கும்போது விரல்கள் நடுங்கி இரண்டு உடைந்தன. தூக்கம் அறவே போயிற்று, ஆனால் விழித்திருக்கிறேன் என்றும் சொல்ல முடியாது. பகலெல்லாம் ஒரு மெல்லிய திரைக்குப் பின்னால் நடப்பது போலிருந்தது. வெயிலில் கொட்டகைகள் தரையை விட்டு ஒரு சாண் எழும்பி நின்றன. ஆறாயிரம் கோழிகளின் கொக்கரிப்பு ஓட்டின் மேல் விழும் மழையாகக் கேட்டது. வசந்தா பேசுவாள், அவள் வாய் அசைவது முதலிலும் சொல் பிறகும் வரும். உண்மையைச் சொன்னால் அதில் ஒரு சுகமும் இருந்தது. மருந்து நன்றாகப் பிடிக்கிறது, காவல்காரன் நன்றாகத் தூங்குகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரக் கடைசியில் மாதப் பரிசோதனை. காலையில் ரத்தம் கொடுத்துவிட்டு மத்தியானம் வரை காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அங்கே எல்லோரும் கையில் ஒரு பிளாஸ்டிக் உறையை வைத்துக்கொண்டு, டோக்கன் எண் மாறும் பலகையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கிரியாட்டினின் ஒன்று புள்ளி ஒன்றாக இருந்தது ஒன்று புள்ளி ஒன்பது ஆகியிருந்தது. ரத்தத்தில் மருந்து ஏழுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். பதினெட்டு என்றது காகிதம். ஜெயந்தி புருவத்தைச் சுருக்கினாள்.

"அக்கா, காலைல மாத்திரையப் போட்டுட்டு ரத்தம் குடுத்துட்டீங்களா? அப்படிக் குடுத்தா இப்படித்தான் பொய்யா தூக்கிக் காட்டும்."

அவர் என் பக்கத்தில் நின்றிருந்தார். எனக்கு அந்தக் கணத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. ஆனால் அவள் ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள், நான் நுழைந்தால் போதும்.

"ஆமாங்க சிஸ்டர். மறந்தாப்பல போட்டுட்டேன்" என்றேன்.

பொய் அத்தனை லேசாக வந்தது. அதன் கனம் உள்ளே போன பிறகுதான் தெரிந்தது. பதினெட்டு பொய் எண் என்று ஆகிவிட்டால், கிரியாட்டினின் ஏறியதற்கு வேறு காரணம் வேண்டும். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், ஸ்கேன் பார்த்தார், அன்றே படுக்கையில் சேர்த்தார். "உடம்பு கிட்னியை ஏத்துக்காம தள்ளுதோன்னு சந்தேகமா இருக்கு. நாளைக்குக் காலையில பயாப்ஸி பண்ணிடலாம். இன்னைக்கு சாயங்காலமே ஸ்டீராய்டு ஊசி ஆரம்பிக்கறேன். தேவைப்பட்டா மாத்திரையையும் கூட்டணும்" என்றார். பயாப்ஸி என்றால் ஊசியை உள்ளே விட்டுச் சிறுநீரகத்தில் நூலளவு சதை எடுத்துப் பார்ப்பது. மாத்திரையைக் கூட்டணும் என்று அவர் சொன்னது மட்டும் என் காதில் நின்றுகொண்டே இருந்தது.

நாலாவது மாடி. ஜன்னலில் சேர்வராயன் மலை. மத்தியான வெயிலில் மலை நீலப் புகையாகக் கரைந்து, மேகம் எது மலை எது என்று தெரியாமல் கிடந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். அடிவயிற்றில் கை வைத்தேன். உள்ளே இருந்தது ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் பதினெட்டு என்று சொல்லும். சாயங்காலம் ஊசி போட வருவதற்குள் சொல்லிவிடலாம், டாக்டரிடம் மட்டும் தனியாகச் சொல்லலாம், வீட்டுக்காரருக்குத் தெரியவே வேண்டாம் என்று ஒவ்வொரு அரைமணிக்கும் ஒரு முடிவு எடுத்தேன். தெரிந்தால் என்ன செய்வார்? திட்ட மாட்டார். அதுதான் பயம். சுண்ணாம்பு தூவின அன்றைக்கு இருந்த மாதிரி இருப்பார்.

நாலரை மணிக்கு அவர் உள்ளே வந்தார். கையில் பயாப்ஸிக்குக் கையெழுத்துப் போடும் காகிதம். ஸ்டூலை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். காகிதத்தை நாலாக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"அம்மிணி, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும். சொல்லாம இதுல கையெழுத்துப் போட மாட்டேன்."

"என்னங்க?"

"தீவன மூட்டை தூக்கித் தூக்கி எனக்கு இடுப்பு வலின்னு உனக்குத் தெரியுமல்ல. எட்டு வருசமா மருந்துக் கடையில வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டு இருந்தேன். தெனமும். சில நாளைக்கு ரெண்டு. உனக்குத் தெரியாது, பம்ப் ரூம்புல வெச்சிருந்தேன்."

நான் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினேன்.

"கிட்னி குடுக்கறதுக்கு முந்தி டாக்டரு கேட்டாரு. வலி மாத்திரை ஏதாச்சும் போடுவீங்களா, அது கிட்னியக் கெடுக்குமுன்னாரு. இல்லீங்கன்னு சொல்லிப்போட்டேன். ஆமான்னா என்னை வேண்டாமுன்னு தள்ளிப்போடுவாங்களோன்னு பயம். வேற ஆரு இருந்தா உனக்கு?" காகிதத்தை மறுபடி பிரித்தார். "நான் குடுத்ததே கெட்டுப்போனது போல இருக்குது சரசு. ஒம்பது மாசம் ஓட்டிப்போட்டு இப்ப நின்னுக்கப் போகுது. கெட்டதத் தூக்கி உன்ர வயித்துல வெச்சுப்போட்டேன். நான் போயி டாக்டர்கிட்டச் சொல்லிப்போட்டு வாரேன்."

அவர் எழுந்துவிட்டார். இருபது வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. அவர் அப்பா செத்தபோதும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பந்தல்காரனைத் தேடிப் போனவர். இப்போது துண்டு தோளிலேயே கிடந்தது, கண்ணீர் பாட்டுக்கு இறங்கியது. நான் அவர் வேட்டி ஓரத்தைப் பிடித்து இழுத்தேன்.

"ஏனுங்க, உக்காருங்க. நீங்க ஆருகிட்டயும் போவ வேண்டாம். தப்பு உங்க மேல இல்லீங்க."

"நீ சும்மா எனக்கு ஆறுதல் சொல்லாத."

"ஆறுதல் இல்லீங்க. நாந்தான் மாத்திரையக் கூட்டிப் போட்டுக்கிட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். அறுபத்துமூன்று கிலோ, ஆறு புள்ளி மூன்று, பிஸ்கட் டப்பா, மூன்று வாரம், ஜெயந்தியிடம் சொன்ன பொய். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது. முடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் மலையைப் பார்த்தேன். மலை மறைந்துவிட்டது, வெறும் வெளிச்சம்தான் இருந்தது.

அவர் கையிலிருந்த காகிதத்தைக் கட்டிலில் வைத்தார். பிறகு மெதுவாக, ஒரு குழந்தை கேட்பது போலக் கேட்டார்:

"அப்ப, அது நல்லாத்தான் இருக்குதா?"

நான் அழுதேன். அவர் கட்டில் மணியை அமுக்கினார்.

ஜெயந்தி வந்தாள், கேட்டாள், தலையில் கை வைத்துக்கொண்டு ஓடினாள். டாக்டர் வந்தார். அவர் கோபப்பட்டார், படவும் வேண்டியதுதான். ஊசியும் பயாப்ஸியும் வேண்டாம் என்றார், இரவு மாத்திரையையும் நிறுத்தச் சொன்னார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு விட்டார்.

"எடையைப் பார்த்துக் குடுக்கறது ஆரம்பத்துல மட்டும்தான்மா. அப்ப எங்ககிட்ட வேற அளவுகோல் இல்ல. அதுக்கப்புறம் உங்க ரத்தம் சொல்றதுதான் கணக்கு. நீங்க ஏறின பதினஞ்சு கிலோவும் கொழுப்பு. அது இந்த மருந்தைச் செலவு பண்ணாது. நீங்க கூட்டினது எல்லாம் ரத்தத்துலயே சுத்தும். மருந்து குறைஞ்சா கிட்னியை உடம்பு தாக்கும். மருந்து கூடினா அந்த மருந்தே கிட்னியைத் தாக்கும், உள்ள இருக்கிற ரத்தக் குழாயை எல்லாம் இறுக்கும். உங்க கோழிக்குத் தினம் ரத்தம் எடுத்துப் பார்க்க முடியாது, அதனால எடையை நம்பறீங்க. உங்களுக்கு எடுத்துப் பார்க்கறோம் இல்ல?"

எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை மாதம் மாத்திரைக்கு முன் ரத்தம் கொடுத்தபோது, தீவனத்துக்கு முன் கோழியை ஏன் எடை போடுகிறோம் என்று தெரிந்த எனக்கு இது தோன்றாமல் போயிற்றே. இரை நிறைந்த கோழி கனமாகத்தான் இருக்கும், அது கோழியின் கனம் ஆகாது.

அவர் எழுந்து நின்று தன் வலி மாத்திரைக் கதையையும் டாக்டரிடம் சொன்னார். கை கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் நிற்பது போல.

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்ல ஜோடிங்க நீங்க" என்றார். பிறகு அவரிடம், "அதை அன்னைக்கே சொல்லியிருக்கணும். ஆனா உங்க கிட்னியை எல்லா விதத்துலயும் சோதிச்சுத்தான் எடுத்தோம். நல்ல கிட்னி. இவங்க மூணு வாரமா ஊத்தின மருந்தையும் தாங்கிட்டு இன்னும் வேலை பார்க்குது. இனிமே நீங்களும் அந்த மாத்திரையைத் தொடாதீங்க. உங்களுக்கும் ஒண்ணுதான் மிச்சம்" என்றார்.

டாக்டர் போன பிறகு அவர் கைபேசியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். கதவு சாத்தவில்லை. தம்பியோடு பேசுவது கேட்டது.

"ஒண்ணுமில்ல சாமி. மருந்து கொஞ்சம் தூக்கலாப் போச்சாமா. கொறச்சா சரியாப் போயிருமாமா. கிட்னி நல்ல கிட்னியாமா... ஆமா, டாக்டரே சொல்லிப்போட்டாரு. நொம்ப நல்ல கிட்னியாமா. வசந்தாகிட்டச் சொல்லு. அம்மாகிட்டயும் சொல்லு."

நல்ல கிட்னி என்பதை அவர் நாலு தரம் சொன்னார். தூக்கலாகப் போட்டது யார் என்று ஒரு தரமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் ரத்தத்தில் மருந்து ஒன்பதுக்கு இறங்கியது. கை நடுக்கம் நின்றது, மலை மலையாகவும் மேகம் மேகமாகவும் தெரிய ஆரம்பித்தன. கிரியாட்டினின் ஒன்று புள்ளி ஆறு, ஒன்று புள்ளி நாலு என்று படிப்படியாக வந்து, ஒன்று புள்ளி மூன்றில் நின்றுவிட்டது. பழைய இடத்துக்கு அது போகவில்லை. இனி போகாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தக் குறைந்த கொஞ்சம் என் கணக்கில் போனது.

இது நடந்து ஏழெட்டு மாதம் ஆகிறது. சொந்தக்காரர்கள் கேட்டால் இன்றைக்கும் "மருந்து தூக்கலாப் போச்சுங்க" என்றுதான் சொல்கிறார் அவர். அவர்களும் ஆஸ்பத்திரியை நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போகிறார்கள். நான் பக்கத்திலேயேதான் நிற்கிறேன். அவர் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதனால்தான் நானே எழுதிவிட்டேன்.